ஓடி வந்த நாயின் அடுத்த பத்து நிமிடம்: நெல்லைக் கோடையில் கிரேஹவுண்ட், கன்னி, சிப்பிப்பாறை

சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு யாரும் நாயை அவிழ்த்து விடுவதில்லை. பாளையங்கோட்டையில் வெயில் 39, 40 என்று நிற்கும்போது மனுசனே வெளியே தலைகாட்ட மாட்டான். நாயும் திண்ணைக்கு அடியில் புகுந்துகொள்ளும். ஆபத்து அந்த நேரத்தில் இல்லை. வெயில் தாழ்ந்துவிட்டது, காலையிலிருந்து கட்டியே கிடக்கிறது பாவம் என்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பொட்டலில் கொண்டு விடுகிறோமே, அப்போதுதான். "நல்லா ஓடிட்டுத்தான் வந்துச்சு அண்ணாச்சி, வந்து படுத்ததும் எந்திரிக்கல" என்று சொல்லிக்கொண்டு நாயைத் தூக்கிவருகிறவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் ஓட விட்டவர்கள்.

கிரேஹவுண்ட், நம் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஓட்ட நாயின் உடம்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் காரணம் விளங்கும். கிரேஹவுண்ட் முழுக்கச் சதை. கொழுப்பு குறைவு, தோல் மெல்லிசு, முடி கட்டை. சும்மா கிடக்கும்போது இதெல்லாம் வெயிலுக்குச் சாதகம்தான். உடம்புச் சூடு சுலபமாக வெளியேறும். ஓட ஆரம்பித்தால் கதை மாறிவிடும். தொடைச்சதையும் முதுகுச்சதையும் அரை நிமிடத்தில் கிளப்பும் சூடு சாமானியமானது இல்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். முழு வேகத்தில் 300, 400 மீட்டர் ஓடிவந்த கிரேஹவுண்டுக்கு 105, 106 காட்டுவது சாதாரணம். ஓடி நின்ற பிறகும் சில நிமிடம் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்வை, மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் ஒரே வழி. அந்த வழி வேலை செய்ய வேண்டுமானால் காற்று காய்ந்திருக்க வேண்டும், நாக்கு ஈரமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்த நாய்கள் தானாக நிற்காது. தெரு நாய் களைத்தால் நிழலைப் பார்த்துப் படுத்துவிடும். கன்னியோ கிரேஹவுண்டோ, கண் முன்னால் ஏதாவது அசைந்தால் மூச்சு முட்டினாலும் ஓடும். நிறுத்த வேண்டியது நாம்தான்.

நம் பக்கத்துக் கோடையையும் காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. கத்திரி மே 4-ல் தொடங்கி மே 28 வாக்கில் கழியும். அதோடு வெயில் போச்சு என்பது நம் பக்கத்துக்குப் பொருந்தாது. ஜூன் பிறந்ததும் குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரல் விழும். அதே நாளில் பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம், சங்கரன்கோவில் பக்கம் மழை இருக்காது, மேல்காற்று மட்டும் அடித்துக் காயும். ஆடி, ஆவணியிலும் இங்கே 36, 37 டிகிரி சகஜம். காற்று அடிப்பதால் வெக்கை தெரியாது, ஆனால் நாய் இரைத்து இரைத்துத் தண்ணீரை இழந்துகொண்டிருக்கும். இதற்கு நேர்மாறானது கோடை மழைக்கு முந்திய சாயங்காலம். மேகம் கட்டி நிற்கும், இலை அசையாது, நமக்குச் சட்டை முதுகில் ஒட்டும். தெர்மாமீட்டரில் 33 தான் இருக்கும், ஆனால் காற்றில் ஈரம் ஏறிக்கிடப்பதால் நாக்கிலிருந்து தண்ணீர் ஆவியாகாது. நாய் இரைப்பது வீண். காய்ந்த 38 டிகிரியைவிடப் புழுக்கமான 33 டிகிரி ஓட்ட நாய்க்கு மோசம். மேகம் கட்டிய நாளில் ஓட்டமே வேண்டாம், கயிற்றில் பிடித்து நடத்தினால் போதும்.

பங்குனியிலிருந்து ஆவணி வரை ஓட்டத்துக்கு ஏற்ற நேரம் விடிகாலைதான். நாலே முக்காலுக்கு அவிழ்த்தால் ஆறு மணிக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். முதல் பத்து நிமிடம் கயிற்றிலேயே நடை. நாய் மூத்திரம், மலம் கழிக்க வேண்டும்; வயிறு காலியாகாமல் ஓட விடக் கூடாது. பிறகு 200 மீட்டர் அளவில் ஓர் ஓட்டம். ஐந்தாறு நிமிடம் நடத்தி, இரைப்பு அடங்கினால் இன்னொன்று. நன்றாகப் பழகிய, இரண்டு வயது தாண்டிய நாய்க்கு மூன்று ஓட்டம். அதற்கு மேல் கோடையில் தேவையில்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், மற்ற நாள் அரை மணி நடை. கிரேஹவுண்டை மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும் என்று நினைப்பது தப்பு. அது குறுகிய தூரத்துக்கான உடம்பு. மிச்ச நேரமெல்லாம் தூங்கத்தான் ஆசைப்படும். பைக்கில் கட்டி இழுத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் ஓட்டுவதைக் கோடையில் மட்டுமல்ல, எந்தக் காலத்திலும் செய்யக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்குத் திரும்பத் திரும்ப ஓட்டம் வேண்டாம்; எலும்பு முற்றவில்லை.

சாயங்காலம் கட்டாயம் வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் ஏழரைக்கு மேல். அப்போதும் தரையைப் பாருங்கள். மத்தியானம் தார்ச்சாலை 60 டிகிரி வரை காயும். இருட்டிய பிறகும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அந்தச் சூடு இறங்காது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி எண்ணுங்கள். கை தாங்காவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. சிமென்ட் மாடியும் அப்படித்தான். மாடியில் நாய் கட்டுகிறவர்கள் கோடை முழுக்கக் கீழே இறக்கிவிடுவது நல்லது.

ஓட விடும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோவில்பட்டி, கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கோடையில் வாய் பிளந்து கிடக்கும். ஒரு வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை இறங்கும். அதன் விளிம்பில் காய்ந்த சருகும் புல்லும் மூடியிருப்பதால் ஓடும் நாய்க்குத் தெரியாது. மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நாயின் முன்னங்கால் அதில் இறங்கினால் மணிக்கட்டு எலும்பு போய்விடும். அறுப்பு முடிந்த பருத்திக்காட்டில் நிற்கும் கட்டைமாறும் அப்படித்தான், மார்பைக் கிழித்துவிடும். தேரி மணல் காலுக்கு இதம். ஆனால் ஆழமான மணலில் ஓடினால் சதைக்கு இரட்டை வேலை, சூடு இன்னும் வேகமாக ஏறும். தோதான இடம், அறுப்பு முடிந்து ஆடு மேய்ந்த செவக்காடு, அல்லது கோடையில் வற்றி லேசான ஈரம் நிற்கும் குளத்து ஓரம். எதுவானாலும் ஓட விடும் தடத்தை முதல்நாள் சாயங்காலமே நடந்து பார்த்துவிட வேண்டும். உடைமுள், நெருஞ்சி, உடைந்த பாட்டில் இவற்றைப் பொறுக்கிவிட்டு, வேலிக்கம்பி எங்கே ஓடுகிறது என்பதையும் மனசில் குறித்துக்கொள்ளுங்கள். வல்லநாடு வெளிமான் சரணாலயத்தை ஒட்டியோ, மயில் திரியும் விளைக்குள்ளோ அவிழ்த்து விடாதீர்கள். முயலைத் துரத்த விடுவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைத் தாண்டி, உயிருள்ள இரையைத் துரத்தும் நாய் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. கோடையில் அது ஒன்றே நாயைக் கொல்லப் போதும். ஒரு நீளக் கம்பு, நுனியில் கயிறு, கயிற்று முனையில் துணிப்பொம்மை. பத்தடி வட்டத்துக்குள்ளேயே துரத்தல் ஆசை தீர்ந்துவிடும், வேகமும் நம் கையில் இருக்கும்.

இனி அந்தப் பத்து நிமிடம். நாய் ஓடிவந்து நிற்கிறது. உடனே கட்டிப்போடக் கூடாது, படுக்கவும் விடக் கூடாது. கயிறு மாட்டி மெதுவாக நடத்துங்கள். நடக்கும்போதுதான் சதையில் தேங்கிய சூட்டை ரத்தம் தோலுக்குக் கொண்டுவரும். நடத்திக்கொண்டே பாருங்கள். நாக்கு நீளமாகத் தொங்கி, நுனி அகன்று, சிவப்பாக இருந்தால் சரி. அதே நாக்கு அகப்பை மாதிரி விரிந்து, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, நிறம் செங்கல்லுக்கோ நீலத்துக்கோ போனால் சரியில்லை. எச்சில் தண்ணியாகச் சொட்டினால் நல்லது. கஞ்சிப்பசை மாதிரி நூல் இழுத்தால் தண்ணீர் வற்றிவிட்டது. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வழவழப்பாக இருக்க வேண்டும். விரல் ஒட்டிப் பிடித்தால் தண்ணீர் குறைவு. தோலைக் கிள்ளிப் பார்க்கும் வழக்கம் இந்த நாய்களுக்குச் சரிவராது. கழுத்துத் தோல் மெல்லிசாக, தளர்வாக இருப்பதால் அது எதையும் சரியாகக் காட்டாது.

இரண்டு மூன்று நிமிடம் நடத்திய பிறகு தண்ணீர். ஒரே மூச்சில் வாளியைக் கவிழ்த்து வைக்காமல் 150, 200 மில்லியாகச் சிறிது இடைவெளி விட்டுக் கொடுங்கள். உள்தொடை, அக்குள், வயிறு, காது, பாதம் இங்கெல்லாம் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் இரைப்பு அடங்கி வாயை மூடிவிட்டால் அன்றைய ஓட்டம் அளவோடு இருந்தது என்று பொருள். இருபது நிமிடம் ஆகியும் அடங்கவில்லையென்றால் தூரம் அதிகம், அல்லது நேரம் தப்பு, அல்லது நாய்க்குள் ஏதோ நோய் இருக்கிறது. அன்றைக்கு நோட்டில் எழுதிவைத்து அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

சூட்டடி பட்டுவிட்டால் எப்படித் தெரியும்? நாய் தள்ளாடும், கூப்பிட்டால் திரும்பாது, கண் நிலைகுத்தும், வாந்தி எடுக்கும், சில நாய் அப்படியே சரிந்து கால் உதைக்கும். மலவாயில் ஒரு அங்குலம் வாஸலின் தடவிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். ஓடிய உடனே 105 இருந்து பதினைந்து நிமிடத்தில் இறங்கினால் பயமில்லை. சும்மா கிடந்த நாய்க்கு 104-க்கு மேல் என்றாலோ, இறங்காமல் நின்றாலோ, 106-ஐத் தாண்டினாலோ ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. எண் எதுவாக இருந்தாலும் தள்ளாட்டம் வந்துவிட்டால் அதுவே போதுமான அடையாளம்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்: அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். முதலில் குளிரவையுங்கள், பிறகு கிளம்புங்கள். நிழலில் படுக்கவைத்து, கிடைக்கிற தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். பம்புசெட் ஓடினால் தொட்டியில் தலை மட்டும் மேலே இருக்கும்படி பிடித்து உட்காரவைக்கலாம். ஊற்றும்போதே ஒருவர் விசிற வேண்டும்; பனையோலை விசிறியோ, அட்டையோ, ஃபேனோ எதுவானாலும் சரி. ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் சூடு இறங்கும். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடுவது கெடுதல், அடியில் சூடு அடைந்துகொள்ளும். ஒன்றை மறக்க வேண்டாம்: மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரும், வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்புக்குள் நிற்கும் தண்ணீரும் கொதிக்கும். பதற்றத்தில் அதையே நாய் மேல் பீய்ச்சிவிடுவார்கள். முதல் தண்ணீரைத் தரையில் விட்டுக் கையில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். மனுசருக்கான காய்ச்சல் மாத்திரை கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரையால் இறங்காது, ஈரலையும் கெடுக்கும். வெப்பம் 103.5-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள். விட்டால் மளமளவென்று இயல்புக்கும் கீழே போய் நடுங்க ஆரம்பிக்கும்.

எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வெந்துபோன குடலும் சிறுநீரகமும் அன்றைக்கே சொல்லாது. அடுத்த மூன்று நாள் மூத்திரத்தைக் கவனியுங்கள். கடுங்காப்பி நிறத்தில் போனால் சதை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. முதுகைத் தொட்டால் முனகும், பின்னங்கால் விறைத்து நடக்கும். ரத்தம் கலந்த பேதி, வயிற்றுத் தோலில் ஊதாப்புள்ளி இரண்டும் ரத்தம் உறைவதில் கோளாறு என்பதற்கு அடையாளம். திருநெல்வேலியில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்த மருத்துவமனை, எந்த வழி, இரவில் யார் இருப்பார்கள் என்பதைப் பங்குனி பிறக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் இது கிரேஹவுண்ட், அல்லது கிரேஹவுண்ட் ரத்தம் கலந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்ற நாய்களுக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 37 முதல் 55 சதவீதம் இருந்தால் இயல்பு. கிரேஹவுண்டுக்கு 50 முதல் 65. ஆகவே 40 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நார்மல் என்று விட்டுவிட்டால், உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்துகொண்டிருக்கும் நாயைக் கோட்டைவிட்டதாகும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இதற்கு இயல்பிலேயே கொஞ்சம் குறைவு; அதை மட்டும் வைத்து உண்ணிக் காய்ச்சல் என்று முடிவுகட்டவும் கூடாது. தயோபென்டோன் வகை மயக்க மருந்தை இதன் ஈரல் மெதுவாகத்தான் கழிக்கும், எழுந்திருக்க வெகு நேரமாகும்.

படுக்குமிடம். தகரக் கொட்டகையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் கோடையில் அடுப்பு. வேறு வழியில்லை என்றால் அதன்மேல் பனையோலையைக் கனமாகப் பரப்பிக் கட்டுங்கள்; கூரை ஏழடி உயரமாவது இருக்கட்டும், இரண்டு பக்கம் திறந்திருக்கட்டும். வேப்பமரத்தடி இதைவிட நல்லது, நிழல் நகரும்போது நாயும் நகரக் கயிறு இடம் கொடுக்குமானால். நிழலில் ஆறடிக்கு நாலடி, ஒன்றரை அடி ஆழம் குழி தோண்டி ஆற்றுமணல் நிரப்புங்கள். காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் இரண்டு குடம் தண்ணீர் தெளித்தால் போதும், மணல் ஈரப்பதமாக இருக்கும். நாய் தானே பறித்து அடிமணலில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும்படி ஊற்றினால் நாள் முழுக்க ஈரத்தில் கிடந்து வயிற்றில் புண் வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை மணலைக் கிளறிக் காயவிடுங்கள், மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மெல்லிய தோலுக்கு வெறும் சிமென்ட் தரை ஆகாது, முழங்கை காய்த்துப் புண்ணாகும். ராத்திரிக்கு இரட்டைச் சாக்கு விரிக்கலாம். இரும்புச் சங்கிலி வெயிலில் பழுக்கும். பருத்திக் கயிறும் இரண்டு அங்குல அகலக் கழுத்துப்பட்டையுமே நல்லது. இந்த நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை சிறிது, சாதாரணப் பட்டை கழன்றுவிடும்.

குடிதண்ணீர் கிலோவுக்கு 50, 60 மில்லி என்பது சாதாரண நாளுக்கு. 30 கிலோ கிரேஹவுண்டுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர். கோடையில் மூன்று லிட்டர் வரை போகும். அகலவாய் மண்தொட்டி இரண்டு, வெவ்வேறு இடத்தில் வையுங்கள், ஒன்றைத் தட்டிவிட்டாலும் மற்றது இருக்கும். அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் டப்பாவும் பத்து மணிக்கே சுட்டுவிடும்.

சாப்பாடு காலை எட்டுக்கு, இரவு எட்டுக்கு. ஓட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி, சாப்பிட்ட பின் ஓட்டமானால் நாலு மணி. இது மார்பு ஆழமான நாய். நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போகும். வயிறு மத்தளம் மாதிரி வீங்கி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் அதுதான். கம்பங்கூழ், கேப்பைக்கூழ், மோர்ச்சோறு நம் பக்கத்து வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் முந்தாநாள் கூழ் கோடையில் புளித்து நுரைத்திருக்கும், அது வேண்டாம். கூழ் மட்டும் போதாது. கறியோ முட்டையோ இல்லாவிட்டால் சதை கரைந்துவிடும். உப்பில்லாத நீர்மோர் மத்தியானம் ஒரு செம்பு. கருவாட்டுத் தலையைக் கோடையில் நிறுத்துங்கள். மாம்பழக் காலத்தில் குப்பையில் கிடக்கும் மாங்கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்து ஆபரேஷனுக்கு வரும் நாய்கள் உண்டு. 

தாமிரபரணியில் குளிப்பாட்டலாம், ஆனால் முழங்காலளவுத் தண்ணீரில். கொழுப்பில்லாத உடம்பு மிதக்காது, பின்புறம் அமிழும். பாசி பிடித்த படித்துறையில் வழுக்கினால் இடுப்பு பிசகும். பச்சைப் படலம் மிதக்கும் குளத்தில் இறக்கவே வேண்டாம், அந்தப் பாசியில் விஷம் இருக்கலாம். எலி மூத்திரக் கிருமிக்கான தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்ணி கோடையில்தான் பெருகும். காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தினம் தடவிப் பாருங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலந்து நாய்க்கு ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த மெல்லிய தோலில் அது சுலபமாக உள்ளே இறங்கும், நக்கினால் இன்னும் மோசம். எடைக்குத் தக்க மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார்.

வண்டியில் கொண்டுபோவதானால் விடிவதற்கு முன். நிறுத்திய காரில் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறும், கண்ணாடியை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. வாய்க்கூடு போட்டால் வாயைத் திறந்து இரைக்க முடிகிற கூடை மாதிரியானது மட்டும். துணியில் இறுக்கிக் கட்டுவது மூச்சை அடைப்பதுதான். பஞ்சாபிலிருந்து வாங்கிய நாயானாலும், ஏ.சி. அறையில் வளர்ந்த நாயானாலும் நம் வெக்கைக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நடை மட்டும்.

ஐப்பசியில் மழை பிடித்து முதல் குளிர்ந்த காலை வரும். கோடை முழுக்க அடங்கிக் கிடந்த நாய் அன்றைக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு நிற்கும், நமக்கும் ஆசையாக இருக்கும். கோடையில் ஓட்டமே இல்லாமல் கிடந்த நாயானால் சதை இளகியிருக்கும், மூச்சு பிடிக்காது. அன்றைக்கு 100 மீட்டர், ஒரே ஓட்டம். வாரத்துக்கு 50 மீட்டர் கூட்டிக்கொண்டு போனால் கார்த்திகை முடியும்போது பழைய தூரத்துக்கு வந்துவிடும்.